ஏறுதல்: ஒரு சொல்லும் ஒரு துறைமுகமும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளைப் பெரிதும் இடர்ப்படுத்துவன அம்மொழியின் நீண்ட சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. ‘கெட்’ என்பதையும் ‘ஆன்’ என்பதையும் தனித்தனியே அறிந்த மாணவன், அவ்விரண்டும் சேர்ந்து வருமிடத்தில் திகைத்து நிற்கிறான். ‘கெட் ஆன்’ என்றால் வண்டியில் ஏறுதல் என்று ஆசிரியர் கற்றுக் கொடுக்கிறார். அடுத்த பாடத்தில் அதே தொடர் வாழ்க்கையில் முன்னேறுதல் என்று பொருள்படுகிறது. வேறொரு பாடத்தில் வயதாகிக்கொண்டு போவதைக் குறிக்கிறது. பிறிதோரிடத்தில் அண்டை அயலாருடன் இணங்கி வாழ்தல் என்றாகிறது. ‘ஒரே தொடருக்கு இத்தனை பொருளா?’ என்று பிள்ளை அலுத்துக்கொள்கிறான்.

அவன் அறியாதது ஒன்றுண்டு. அதே சிக்கலை அவன் தன் தாய்மொழியில் நாள்தோறும் எளிதாகக் கடந்துகொண்டிருக்கிறான். வண்டியேறுகிறோம், முன்னேறுகிறோம், வயதேறுகிறது. ஆங்கிலத் தொடரின் நான்கு பொருள்களில் மூன்றை நம் ‘ஏறு’ என்னும் ஒரே வினை தாங்கி நிற்கிறது. அத்துடன் அது நிற்பதுமில்லை. குடியேறுகிறோம், வெளியேறுகிறோம். எண்ணம் நிறைவேறுகிறது, நூல் அரங்கேறுகிறது. விலை ஏறுகிறது, விடம் ஏறுகிறது, பாடம் மண்டையில் ஏற மறுக்கிறது. பட்டியலில் பெயர் ஏறுகிறது. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்கிறோம். பரம்பரைச் சொத்துக்குச் சண்டையிட்டவர்கள் கோர்ட்டுப் படியேறுகிறார்கள். அவர்கள் மானம் கப்பலேறுகிறது. குமரைக் கரையேற்றக் குடும்பம் பாடுபடுகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் அகராதியில் உண்டாவதில்லை. மக்கள் வாழ்ந்த வாழ்க்கையில் உண்டாகிறது. ஆகவே ஒரு சொல்லின் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அம்மக்களின் வரலாறே வரிசையாக வந்து நிற்கும். ‘ஏறு’ என்னும் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள வடசென்னைக் கடற்கரையை ஒரு முறை நடந்து பார்ப்போம். நம் குடும்பங்களில் பலவற்றின் கதையும் அவ்வழியில்தான் கிடக்கிறது.

அலை மேல் ஏறிய காலம்

சென்னைக்குக் கோட்டை வந்தது 1640ஆம் ஆண்டை ஒட்டி. துறைமுகம் வரவோ ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். இடையில் ஓயாது புரளும் அலைத்திரள். வெள்ளையர் கொணர்ந்த படகுகள் அவ்வலையில் உடைந்து சிதறின. நம் கரையோர மக்களின் மசூலாப் படகுதான் தாக்குப் பிடித்தது. ஆணி ஒன்றும் அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது விறைத்து நின்று உடையாமல், வளைந்து கொடுத்துத் தப்பும். செய்தி கொண்டு செல்வதற்குக் கட்டுமரம் போயிற்று. அச்சொல் பின்னர் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டதை நாம் அறிவோம்.

கம்பெனிச் சீமான்களாயினும் சாமானியராயினும், கப்பலேற விரும்பியவர் முதலில் படகேற வேண்டும். படகேறுவதற்கு முன் படகோட்டியின் தோளேற வேண்டும். சரக்கும் அவ்வாறே ஒவ்வொரு மூட்டையாகத் தலையிலும் தோளிலும் ஏறிச் சென்றது. இதனால்தான் போலும், ஆங்கிலேயர் தம் மொழியில் ‘வெளியே கொண்டு செல்லுதல்’, ‘உள்ளே கொண்டு வருதல்’ என்று பொருள்படும் சொற்களால் வாணிகத்தைக் குறிக்க, நம் மக்கள் ‘ஏற்றுமதி’, ‘இறக்குமதி’ என்றார்கள். தெலுங்கர் ‘எகுமதி’, ‘திகுமதி’ என்பர். மலையாளத்தார் ‘கயற்றுமதி’, ‘இறக்குமதி’ என்பர். எகுதலும் கயறுதலும் ஏறுதலே. முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து நோக்கினால் சரக்கு வெளியே போகிறது, உள்ளே வருகிறது. சுமப்பவனின் முதுகிலிருந்து நோக்கினால் ஏறுகிறது, இறங்குகிறது. நம் சொல் சுமந்தவனின் சொல்.

இராயபுரத்தின் பெயரும் இப்படகு மக்களின் நினைவையே தாங்கியுள்ளது. இராயப்பர் என்பது கிறித்தவர்கள் பேதுருவுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர். படகுத் தொழில் செய்த கிறித்தவ மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பெயரால் அங்குக் கோயில் எழுப்பினர். அவர்களை அடுத்து மீனவர் குப்பங்கள். சற்றுத் தெற்கே மண்ணடியில், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வணிகம் செய்ய வந்து தங்கிய நம் மரக்காயர், லெப்பை, இராவுத்தர் குடும்பங்கள்.

மரக்காயர் என்னும் பெயரே இக்கட்டுரைக்கு உரியது. மரக்கலத்தை ஆண்டவர் என்பதால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். அரபு மொழியில் கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். அந்த ‘மர்கப்’ பிறந்த வேர்ச்சொல் ‘ரகிப’ என்பதாகும். அதன் பொருள் ஏறுதல். ஒட்டகத்தில் ஏறுவதும் அதுவே, கப்பலில் ஏறுவதும் அதுவே. நூஹ் நபி (அலை) அவர்கள் தம்மை நம்பியவர்களைக் கப்பலில் ஏறச் சொன்னதை எடுத்துரைக்கும் ஹூத் அத்தியாயத்திலும் அவ்வேரினின்று பிறந்த வினையே வந்துள்ளது. தமிழ் வழியாயினும் அரபு வழியாயினும், கப்பலேறுதல் நம் சமுதாயத்தின் ஒரு பகுதிக்குத் தொழிலாக இருந்ததன்றிப் பெயராகவும் ஆகிவிட்டது.

பட்டியலில் ஏறிய பெயர்கள்

எல்லோரும் வணிகராகக் கப்பலேறவில்லை. 1834இல் மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பத் தொடங்கினர். 1860 அக்டோபர் 12இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16இல் டர்பனை அடைந்தபோது அதில் 342 பேர் இருந்தனர். நம் சமுதாயத்தவரும் அவர்களுள் இருந்தனர். அன்று சென்னையில் துறைமுகம் இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்து, வாழ்நாளில் கடலையே கண்டறியாத ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், அந்த அலைகளுக்கிடையே படகில் ஏறிக் கப்பலை அடைந்தனர்.

ஏறுமுன் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறியது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றுடன் ஓர் எண்ணும் இடப்பட்டது. அங்குப் போனபின் தோட்டத்தில் அவர்களைக் குறித்தது பெரும்பாலும் அவ்வெண்ணே. அவர்கள் கைந்நாட்டு வைத்த ‘அக்ரிமெண்ட்’ வாய்மொழியில் ‘கிர்மிட்’ ஆயிற்று. 1903 முதல் பிஜித் தீவுக்கும் சென்னையிலிருந்து ஆள் ஏற்றினர். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911இல் நின்றது. ஒப்பந்தக் கூலி முறை முழுவதும் 1917இல் நிறுத்தப்பட்டது.

இவ்வாறு ஏறியவர்களை ஏறச் செய்தது எது என்பதற்கும் நம் சொல்லே விடை கூறும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தானிய விலை ஏறியது. கப்பல்களில் வந்து இறங்கிய தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலை மலையாக அடுக்கப்பட்டிருந்தன. அதே கரைக்குப் பசித்த மக்களும் வந்து சேர்ந்தனர். விலை ஏறியதால் மக்கள் கப்பலேறினர். பர்மாவும் மலாயாவும் இலங்கையும் அவர்களை ஏற்றுக்கொண்டன.

இரயிலும் இதற்கு உதவிற்று. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த நிலையம் இன்றும் நிற்கிறது. ‘இரயிலேறுதல்’ என்னும் தமிழ்ச் சொல் முதன்முதல் இக்கரையோரத்தில்தான் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். உள்நாட்டு விளைபொருளைக் கடற்கரைக்கு இழுத்து வந்த அதே தண்டவாளம், உள்நாட்டு மனிதரையும் இழுத்து வந்தது.

மானம் கப்பலேறுதல்

கப்பலேறுதல் பிழைப்புக்கு வழியாயிருக்க, மானம் ஏன் கப்பலேற வேண்டும்? கைவிட்டுப் போன மானத்துக்குக் கப்பல் எப்படி உவமையாயிற்று?

இதற்கு வரலாற்றில் இரு சான்றுகள் நம் கண்ணுக்குப் படுகின்றன. முதலாவது, நாடு கடத்தல். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1802 பிப்ரவரியில், சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவருடன் எழுபதுக்கு மேற்பட்டோரையும் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பியது கம்பெனி. 1858 முதல் அந்தமான் தண்டனைத் தீவாயிற்று. ‘தீவாந்தர சிட்சை’ என்பது ஊர்ப்புறத்தாரையும் நடுங்கச் செய்த சொல். நேற்றுவரை ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவன் கை விலங்குடன் கப்பலேற்றப்படும்போது, அவனுடன் அவன் குடும்பத்தின் மானமும் ஏறிற்று எனல் பொருந்தும்.

இரண்டாவது, கடல் கடத்தல் குலத்துக்கு இழுக்கு என்று ஒரு சாரார் கருதியமை. இதற்குச் சென்னைத் துறைமுகத்திலேயே சான்று உண்டு. கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். பிறர் சரக்கைப் பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த அவ்வெழுத்தரின் மேதையை உணர்ந்து அவருக்குத் துணைநின்றவர்களுள் ஸ்பிரிங்கும் ஒருவர். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது ராமானுஜனின் குடும்பத்தில் எழுந்த முதல் தடை, கடல் கடக்கலாகாது என்பதே. தாயார் இசைந்த பின்னர், 1914 மார்ச் 17இல், ‘நெவாஸா’ என்னும் கப்பலில் சென்னையிலிருந்து அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

ஒரே துறை, ஒரே கப்பல் ஏணி. அதில் ஏறுவது ஒரு வீட்டில் தோஷம். இன்னொரு வீட்டில் தண்டனை. நம் வீடுகளிலோ துஆ ஓதி வழியனுப்பும் ‘சபர்’. நாகூர், காரைக்கால் பக்கத்தில் கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரைச் ‘சபுராளி’ என்றே அழைப்பர். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அங்குத் தொழிற்பெயராகவே ஆகிவிட்டது. மானம் கப்பலேறியதாகத் தமிழகம் பழிமொழி பேசிக்கொண்டிருந்தபோது, கப்பலேறி மானத்தோடு வாழ வழி தேடியவர்கள் நம் சபுராளிகள்.

அவர்கள் போன இடத்தில் வெறுங்கையராகவும் இருந்துவிடவில்லை. பினாங்கில் 1801ஐ ஒட்டி எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்காவும் இன்றளவும் நிற்கின்றன. குடியேறுதல் என்னும் சொல்லுக்கு அவை கல்லில் எழுதிய உரை.

துறைமுகம் ஏறியது, கடலும் ஏறியது

அலைத் துன்பம் தீர 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீண்ட ஒரு இரும்புப் பாலம் கட்டினர். அது புயலுக்குத் தப்பவில்லை. 1876இல் வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி, கடலை அணைத்து நிற்கும் இரு கைகள் போன்ற அலை தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினர். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று. கிழக்கு நோக்கியிருந்த வாயிலில் மணல் தூர்ந்ததால் ஸ்பிரிங்கின் காலத்தில் அதனை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தனர்.

மனிதன் கட்டிய அச்சுவர்களுக்குக் கடல் ஒரு விலை கேட்டது. சோழமண்டலக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டேயிருக்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தங்கிற்று. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினாச் சாலையிலிருந்து கடல் ஆண்டுதோறும் விலகிச் சென்றது. இன்று நாம் வியக்கும் அகன்ற மணற்பரப்பு உருவாயிற்று. வடக்கே மணல் வந்து சேரவில்லை. வந்து சேராத கரையைக் கடல் அரித்தது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மணற்கரை போயிற்று, குடிசைகள் போயின, தெருக்கள் போயின. கற்பாறைகளைக் கொட்டி அரண் செய்தனர். பின்னாளில் கடலுக்குள் கற்கரங்கள் நீட்டினர். ‘கடல் ஏறி வருகிறது’ என்று குப்பத்து மக்கள் சொன்னது புலவர் கற்பனையன்று. வீட்டு வாசலை அளந்து சொன்ன கணக்கு. நகரின் தெற்குப் பகுதிக்குக் கிடைத்த கடற்கரையும் வடக்குப் பகுதி இழந்த கடற்கரையும் ஒரே ஏட்டின் வரவும் செலவுமாகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறி வந்தபோதும் இம்மக்கள் அக்கடலோரத்தில்தான் இருந்தார்கள்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. சில நிமிடங்களே நடந்த அத்தாக்குதல் தமிழுக்கு ஒரு புதுச் சொல்லைத் தந்தது. கையில் அகப்படாத சூரனை ‘எம்டன்’ என்கிறோம். கடல் வழியே வந்தது சரக்கு மட்டுமன்று, சொல்லும் வந்தது என்பதற்கு இது போதும்.

ஏற்றிவிடப்பட்டவர்கள்

‘ஏறினான்’ என்பதற்கும் ‘ஏற்றிவிட்டார்கள்’ என்பதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு சிறிது, வாழ்க்கையில் பெரிது. 1941 டிசம்பர் 23இல் இரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் கப்பலேறினர். கிடைக்காத இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் ஏறி இந்திய எல்லையை நோக்கி நடந்தனர். எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். பிழைத்தவரிற் பலர் போருக்குப் பின் மீண்டும் பர்மாவுக்கே சென்று கடை வைத்தனர்.

1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டு, கையில் எடுத்துவர அனுமதித்த அளவோடு, நம்மவர்கள் சென்னைத் துறையில் வந்து இறங்கினர். போகும்போது ஏறினார்கள், வரும்போது ஏற்றிவிடப்பட்டார்கள். அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் ஏராளம். துறைமுகத்துக்கு எதிரே 1969இல் உண்டான பர்மா பஜாரும், வியாசர்பாடி போன்ற இடங்களின் குடியிருப்புகளும், கடற்கரை இரயில் நிலையத்தருகே இன்றும் விற்கும் அத்தோ உணவும் அந்த இறங்குதலின் அடையாளங்கள். சொந்த நாட்டிலேயே அவர்கள் புதிதாகக் ‘குடியேற’ வேண்டியிருந்தது.

மலாயாப் பயணம் மேலும் சில காலம் நீடித்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடிற்று. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற பாட்டனார்கள் நம்மில் பலருக்கு உண்டு. 1973க்குப் பின் அவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது; உயிர்கள் பலியாயின. அத்துடன் அக்கப்பலின் பயணமும் முடிந்தது. ஹஜ்ஜுக்கு நம் மக்கள் சென்னையில் இரயிலேறிப் பம்பாய் சென்று, முஸாஃபிர்கானாக்களில் தங்கி, அங்கிருந்து கப்பலேறுவர். 1995இல் அக்கடற்பயணமும் நின்றது. ‘கப்பலேறுதல்’ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் அநேகமாக அன்று மலையேறிவிட்டது. விமானம் ஏறுபவனையும் சில வீடுகளில் இன்னும் கப்பலுக்குப் போயிருப்பதாகப் பெரியவர்கள் சொல்வது அதன் எச்சம்.

துறைமுகத்துக்குள்ளும் சொல் பொருள் மாறிற்று. 1964இல் ஜவகர் கப்பல்துறை வந்தது. 1983இல் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி அது. மூட்டை மூட்டையாய் முதுகில் ஏற்றிய காலம் போய், பெட்டி பெட்டியாய்ப் பாரந்தூக்கி ஏற்றும் காலம் வந்தது. முதுகின் பாரம் இறங்கியது நல்லதே. அத்துடன் பலருடைய வேலையும் இறங்கிற்று. 2011இல் நீதிமன்ற ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்றது. இராயபுரத்து வீடுகளில் படிந்த கருந்தூசி குறைந்தது. ஆனால் நிலக்கரி 2001 முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கலாயிற்று. 2017 ஜனவரியில் அதனருகே இரு கப்பல்கள் மோதியும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும், அப்பகுதி நீரில் எண்ணெய் படர்ந்தது. இன்று அத்துறைமுகத்தில் கார்கள் தாமே உருண்டு கப்பலேறுகின்றன. ஏற்றுமதி ஏறுகிறது, கழிமுகத்து மீனவன் வலையில் மீன் ஏறவில்லை.

கரையேற்றுதல்

இறுதியாக ஒரு பொருள் எஞ்சியிருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் வழங்குவதும், நாம் மிகக் குறைவாகச் சிந்தித்ததும் அதுவே.

கரையேறுதல் என்பது மீனவனுக்கு உயிர் பிழைத்து வருதல். இறைநேசர்களுக்குப் பிறவிக் கடல் தாண்டி ஈடேறுதல். நம் குடும்பங்களிலோ அது பெரும்பாலும் ஒன்றையே குறிக்கும். ‘மூன்று குமரையும் கரையேற்றிவிட்டேன்’ என்று ஒரு தகப்பன் பெருமூச்சு விட்டால், திருமணம் செய்து கொடுத்துவிட்டான் என்று பொருள்.

இவ்விரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சகோதரியைக் கரையேற்ற அண்ணன் கப்பலேறினான். நூறாண்டுக்கு மேலாக எத்தனை வீடுகளின் வரலாறு இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது! பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறியவன் இரங்கூனிலோ பினாங்கிலோ கடைக்குள்ளேயே உண்டு, கடைக்குள்ளேயே உறங்கி, ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்தது கைக்கூலிக்குப் போயிற்று. அவன் தனக்கென்று மணம் முடித்துச் சில மாதங்களில் மீண்டும் கப்பலேறினான். அவன் மனைவி கடிதத்தை எதிர்பார்த்து வயதேறினாள். சிலர் திரும்பவேயில்லை.

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது. இதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. வரதட்சணையைத் தடைசெய்து 1961இலேயே சட்டமும் வந்துவிட்டது. மார்க்கம் ஒரு திசையில் ஓடச் சொன்ன பணத்தை நாம் எதிர்த்திசையில் ஓட்டிவிட்டு, அச்சுழலுக்குள் ஓர் இளைஞனைக் கப்பலேற்றினோம். பெண் நீரில் தத்தளிப்பவளா, அவளைக் கரையேற்ற? தத்தளித்தவன் அவள் அண்ணன். தள்ளியது கடல் அன்று. ஒரு வழக்குச் சொல்லைக் கைவிடுவதால் மட்டும் வழக்கம் ஒழியாது. ஆயினும் சொல்லின் பொருளை உணர்ந்தவன் அதைச் சொல்லும்போது சற்று நாணுவான். அந்நாணம் ஒரு தொடக்கமாகலாம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கப்பலேறிய தலைமுறையின் கடைசி மனிதர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். ரஜூலாவின் தளத்தையும், இரங்கூன் கடைவீதியையும், பம்பாய் முஸாஃபிர்கானாவையும் நேரில் கண்ட கண்கள் அவர்களுடையவை. எந்த ஆண்டு, எந்தத் துறையில், எந்தக் கப்பலில் ஏறினீர்கள், ஏன் ஏறினீர்கள், யார் உங்களை வழியனுப்பினார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். ஏறியவர்களை மட்டும் கேட்டால் போதாது. கரையில் நின்ற பாட்டிமார்களையும் கேளுங்கள். பழைய தகரப் பெட்டியில் பாஸ்போர்ட்டோ, கப்பல் சீட்டோ, அரபுத் தமிழில் எழுதிய கடிதமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ட்ரூரோவில் ஏறிய கூலிகளின் பெயர்களை வெள்ளையன் தன் தேவைக்காகப் பட்டியலில் ஏற்றினான். இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரைத் தேட அப்பட்டியலே உதவுகிறது. தம் சொந்த விருப்பில் தளத்துப் பயணிகளாய்ப் போன நம் பாட்டனார்களின் கதையை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாமே.

தொடக்கத்தில் சொன்ன ஆங்கிலத் தொடருக்கு நான்கு பொருள் உண்டென்றும், அவற்றுள் மூன்றையே நம் ‘ஏறு’ தாங்குகிறது என்றும் கூறினோம். எஞ்சிய நான்காவது பொருள், அயலாருடன் இணங்கி வாழ்தல். அதற்கு நம் சொல்லில் இடமில்லாமற் போயிற்று. ஆனால் நம் துறையில் இடமிருந்தது. ராயப்பர் கோயிலார் ஓட்டிய படகில் மரக்காயரின் சரக்கு ஏறிற்று. அதைக் கரையில் இறக்கியவன் குப்பத்து இந்து. ஒருவர் தோளில் ஒருவர் ஏறாமல் யாரும் அந்த அலையைக் கடந்ததில்லை. அகராதியில் ஏறாத அப்பொருளை நம் பிள்ளைகளின் மனத்தில் ஏற்றுவது நம் கடமை.